வாக்கரை வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறினேன்

தம்பி,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலைப் பற்றிச் சொல்ல எனக்கு வாயில்லைதான், இருந்தாலும் பேச்சுக்குச் சொல்கிறேன். "இந்த மாசக் கடைசியோட வேலைய விட்டுட்டு எல்லாரும் ஊருக்கே வந்துடுறோம்பா" என்று சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா போனை வாங்கி, "நாங்க நல்லாத்தான இருக்கோம், கிறுக்குத்தனமா எதையும் செஞ்சு வெக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாள். வராதே என்று சொல்லத்தான் நானும் இன்று உட்கார்ந்திருக்கிறேன். சிங்கப்பூரில் அந்த வேலைக்காக நீ எத்தனை வருஷம் காத்துக் கிடந்தாய் என்று எனக்குத் தெரியும். உன் பெண் இப்போதுதான் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். இந்த இரண்டு கிழங்களுக்காக அதையெல்லாம் போட்டுவிட்டு பெரம்பலூருக்கு வந்து என்ன செய்யப்போகிறாய்?

உன் அம்மா காலை பஸ்ஸில் அரியலூருக்குப் போயிருக்கிறாள். அவள் அக்கா பேத்திக்கு வளைகாப்பு. "நாலு மணிக்குள்ள வந்துடுறேன், சோறு மூடி வெச்சிருக்கேன், எந்திரிச்சு எங்கயும் போவாதீங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாள். அவள் பக்கத்தில் இருந்தால் நான் உண்மை பேச முடியாது. அதனால் உன் பழைய காலேஜ் நோட்டை எடுத்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவேன். வீட்டில் இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் உன் சிநேகிதர்களில் யாராவது இருந்தால் அவர்களுக்கும் காட்டு. எனக்கு இனி மறைக்க ஒன்றும் இல்லை.

முதலில் அந்தக் கப்பல் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். உன் அம்மா பிறந்த ஊரில் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள் உண்டு. சின்ன வயதில் அங்கே ஆடு மேய்க்கப் போனபோது கல்லுக்குள் கிளிஞ்சல் கிளிஞ்சலாகப் பதிந்திருந்ததைப் பார்த்திருக்கிறாள். இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். கல்யாணமான புதிதில் என்னிடம், "கடல் எங்க ஊர வுட்டுப் போயிடுச்சு, அது எங்க போச்சுன்னு ஒரு தடவ காட்டுங்க" என்று கேட்டாள். அடுத்த மாதம், அடுத்த லீவு என்று நாற்பது வருஷம் ஓட்டிவிட்டேன். தனியார் பஸ் கண்டக்டருக்கு ஏது லீவு என்று சொல்லிக்கொள்வேன். அது பாதிதான் உண்மை. லீவு கிடைத்த நாட்களில் நான் சீட்டாடப் போனேன். இதெல்லாம் உனக்குத் தெரியாது. ஆனால் அவள் ஆசை மட்டும் உனக்குத் தெரிந்து, சென்னையில் ஏறி இலங்கைப் பக்கம் போய்விட்டு ஐந்தாம் நாள் திரும்பும் கப்பலில் எல்லாருக்கும் இடம் பிடித்தாய்.

கப்பல்காரர்கள் கொடுத்த படிவத்தை நிரப்பும்போது நீ போனில் கேட்டாய். "நடக்க எதாச்சும் ஒதவி வேணுமான்னு கேட்டுருக்காங்கப்பா. வாக்கர், வீல்சேர் அது மாதிரி. என்ன போட?" நான் உடனே சொன்னேன், "எதுவும் வாணாம்னு போடு. கைத்தடி ஒண்ணு இருக்கு, அதுவும் நாய வெரட்டத்தான்." நீ சிரித்தாய். உன் அம்மா வாக்கருக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாள்.

இடுப்பெலும்பு உடைந்து கம்பி வைத்தபோது நீ வந்து பத்து நாள் இருந்தாய். நான் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்ற அன்று, "ஒரு மாசத்துல இதத் தூக்கி எறிஞ்சுடுவேன்" என்று சொல்லி உன்னை அனுப்பி வைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் ஆயிற்று. நீ வீடியோவில் கூப்பிடும் நேரத்துக்கு முன்னாலேயே நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வேன். உன் அம்மா வாக்கரைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவாள். "நடக்குறீங்களாப்பா?" என்று கேட்பாய். "காலையில ரோட்டு வரைக்கும் போயிட்டு வந்தேன்" என்பேன். நான் போனதெல்லாம் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும்தான்.

கப்பல் சேதி தெருவில் பரவியதும் உன் சித்தப்பா வந்து உட்கார்ந்தான். காபி குடித்து முடித்துவிட்டு, "முடவன் கொம்புத் தேனுக்கு ஆசப்பட்ட கதையால்ல இருக்கு" என்றான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சென்னைக்குப் போகக் கார் வரும்போது தெருவே வாசலில் நிற்கும், அந்த நாலு கால் கம்பியை டிக்கியில் ஏற்றுவதை ஒருத்தனும் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். உன் அம்மா மன்றாடினாள். "அங்க போயி என்னத்தப் புடிச்சி நடப்பீங்க?" என்று கேட்டாள். "ஓடுற பஸ்ஸுல முப்பது வருசம் கைய வுட்டுட்டு நின்னு டிக்கெட் கிழிச்சவன் நானு. கப்பல் என்ன, என்னச் சாச்சுருமா?" என்றேன். வாக்கர் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டு, ஒரு கையில் தடியும் இன்னொரு கையில் அவள் தோளுமாக, மந்திரி மாதிரி நடந்து போய்க் காரில் ஏறினேன். வாசலிலிருந்து கார் வரை இருபது அடி இருக்கும். அந்த இருபது அடிக்காகத்தான் தம்பி மற்றதெல்லாம் நடந்தது.

துறைமுகத்தில் வரிசையைப் பார்த்ததுமே எனக்கு வேர்த்துவிட்டது. அங்கிருந்த ஆள் வீல்சேர் கொண்டுவந்தபோது வேண்டாம் என்றேன். சிங்கப்பூரிலிருந்து நேராகத் துறைமுகத்துக்கே வந்திருந்த நீ என் முகத்தைப் பார்த்தாய். பாதி வரிசையில் கால் தாங்காமல் நானே அந்த வீல்சேரில் உட்கார்ந்துவிட்டேன். "வெயிலு" என்றேன். நீ வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போனாய். அறைக்குப் போனால், கதவைத் திறந்து ஒரு ஆள் திரும்பத்தான் இடம். பாத்ரூமுக்கு ஒரு சாண் உயரத்தில் படி. நடக்க முடியாதவர்களுக்கு என்றே படியில்லாத, பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்த அறைகள் அதே கப்பலில் இருந்தன என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கேட்ட இடத்தில்தான் நான் பொய் சொல்லிவிட்டேனே.

கப்பல் கிளம்புவதற்கு முன்னால் ஒரு பயிற்சி வைத்தார்கள். ஆபத்து வந்தால் எல்லாரும் எங்கே போய்க் கூட வேண்டும் என்று காட்டுவதற்கு. ஊது குழல் ஏழு தடவை சின்னதாக ஊதி, எட்டாவதாக நீளமாக ஊதியது. லிப்டில் போகக் கூடாது, படியில்தான் ஏற வேண்டும் என்றார்கள். நடக்க முடியாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஆள் வந்து அழைத்துப்போனார்கள். எனக்கு யார் வருவார்கள்? நீ உன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு, மருமகளோடு முன்னால் ஏறிவிட்டாய். நான் ஐந்தாவது படியில் நின்றுவிட்டேன். பின்னால் நூறு பேர் இருப்பார்கள். "கொஞ்சம் ஒதுங்கிக்கங்க பெரியவரே" என்று நம் ஊர்ப் பேச்சில் ஒருத்தர் சொன்னார். ஒதுங்கக் கைப்பிடியை விட வேண்டும், விட்டால் விழுவேன். உன் அம்மா என் அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது மேலிருந்து நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தாய். பிள்ளையை மருமகளிடம் கொடுத்துவிட்டு எனக்காகத் திரும்பி வந்தாய். படி முனையில் நின்ற கப்பல்காரப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி மொத்த வரிசையையும் நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் என்னவோ சொன்னாள். "மெதுவா வரச் சொல்றாங்கப்பா, யாரும் நம்மள வுட்டுட்டுப் போவ மாட்டாங்களாம்" என்று நீ என் காதில் சொன்னாய். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ வலி என்று நினைத்தாய். வலி இல்லை தம்பி. அது ஏன் என்று இன்றைக்குச் சொல்கிறேன், உன் அம்மாவுக்கும் இது தெரியாது.

நான் ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி வண்டியில் ஓடிக்கொண்டிருந்த காலம். அரியலூர் தாண்டி ஒரு நிறுத்தத்தில் ஒரு தையல்காரர் ஏறுவார். இரண்டு கால்களும் சூம்பியவர், கக்கத்தில் இரண்டு கட்டைகளை ஊன்றி வருவார். கண்டக்டர் வேலையில் எல்லாமே விசில்தான். ஒரு விசில் கொடுத்தால் டிரைவர் நிறுத்துவார், இரண்டு விசில் கொடுத்தால் எடுப்பார். எங்களுக்குப் பின்னாலேயே இன்னொரு வண்டி வரும். அவன் முந்தினால் அடுத்த நிறுத்தத்துக் கூட்டம் அவனுக்குப் போய்விடும், முதலாளி என்னை வாங்கு வாங்கென்று வாங்குவார். அந்தத் தையல்காரர் கட்டைகளை முதலில் மேலே வைத்து, ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்து ஏறுவதற்குள் எனக்கு உயிர் போகும். பல நாள் அவர் வருவதைப் பார்த்தே இரண்டு விசில் கொடுத்திருக்கிறேன். "அடுத்த வண்டில வாங்க" என்று கையை ஆட்டுவேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றுவிடுவார்.

ஒரு நாள் அவர் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். பின் வண்டியின் ஹாரன் கேட்டது. நான் பார்த்துக்கொண்டேதான் இரண்டு விசில் கொடுத்தேன். பார்க்கவில்லை என்று அன்றைக்கு எல்லாரிடமும் சொன்னேன். முதலாளியிடம் சொன்னேன், சாமியிடமும் சொன்னேன். பார்த்தேன் தம்பி. அவர் ரோட்டில் மல்லாந்து விழுந்தார். ஒரு கட்டை பின் சக்கரத்தில் மாட்டி இரண்டாக உடைந்தது. ஓடிப் போய்த் தூக்கினேன். முழங்கையில் ரத்தம். என்னைத் திட்டவில்லை, சாபம் கொடுக்கவில்லை. "ஒத்த விசிலு குடுத்துருக்கலாமே சார்" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் என் வண்டியில் ஏறியதே இல்லை. கப்பல் படியில் அந்தப் பெண் எனக்காகக் கையைத் தூக்கி வரிசையை நிறுத்தியபோது எனக்கு அந்த மனுஷன் முகம்தான் தெரிந்தது.

இனி எழுதப்போவதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். இரண்டாம் நாள் காலையில் அவளை மேல்தளத்துக்குக் கூட்டிப்போனாய். நாற்பது வருஷம் கேட்ட கடல். பத்து நிமிஷத்தில் அறைக்குத் திரும்பி வந்துவிட்டாள். "பாத்தாச்சு. தண்ணிதான்" என்றாள். நான் அறையில் தனியாக இருக்கிறேன் என்று அங்கே அவளுக்கு நிற்கக் கால் பாவவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நீங்கள் எல்லாரும் சாப்பிடப் போனீர்கள், எனக்குத் துணையாக அவள் இருந்தாள். கப்பல் அன்றைக்கு நன்றாக ஆடியது. பாத்ரூமை விட்டு வெளியே வரும்போது அந்தச் சாண் உயரப் படியில் என் கால் தட்டியது. தடி ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். நான் கீழே விழுந்து மறுபடி இடுப்பு உடையாமல் இருக்க அவள் குறுக்கே வந்து தோளைக் கொடுத்தாள். என் மொத்தக் கனமும் அவள் வலது கையில் விழுந்தது. மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது, என் எலும்பு என்று நினைத்தேன். நீ வந்து கேட்டபோது, "தூங்குன வாக்குல கை மரத்துப்போச்சுடா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்றேன்.

ஊருக்கு வந்து டாக்டரிடம் காட்டினோம். தோள்பட்டையில் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். ஆபரேஷன் வேண்டியிருக்கும், அதுவரைக்கும் கனம் தூக்கவே கூடாது என்றார். வெளியே வந்ததும், "அப்ப ஒங்கள எதுல வெச்சித் தூக்குறது?" என்று கேட்டுச் சிரித்தாள். ஆபரேஷன் செய்தால் ஆறு வாரம் கையைக் கட்டி வைத்திருக்க வேண்டும், அந்த ஆறு வாரம் என்னை யார் பார்ப்பது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறாள். இப்போது என்ன செய்கிறாள் தெரியுமா? ஒரு துண்டை என் இடுப்பைச் சுற்றிப் போட்டு, இடது கையாலும் பல்லாலும் பிடித்து இழுத்து என்னைக் கட்டிலிலிருந்து எழுப்புகிறாள். வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. எதிர் வீட்டுக்காரம்மா வந்துதான் தலை சீவிவிடுகிறாள். இன்றைக்கு வளைகாப்புக்குப் போகும்போது கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு போனாள். என்னிடமிருந்து கற்றுக்கொண்டதுதான். ஊர் பார்க்கக் கூடாது, பிள்ளைக்குத் தெரியக் கூடாது. அந்தத் துண்டை அவள் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் செத்துப்போயிருந்தால் இவள் பிழைத்துக்கொள்வாளே என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றாத நாள் இந்த மாதத்தில் ஒன்றுகூட இல்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் நாளைக்கு உனக்கும் வயசாகும். கேட்கிற இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு. கப்பலோ, ரயிலோ, பெண்ணெடுக்கிற வீடோ, எதுவாக இருந்தாலும். கால் போனால் கால் போயிற்று என்று சொல். வாக்கரைக் கையிலே எடுத்துக்கொண்டு போ, அதன் அடியில் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொண்டு போ. பார்க்கிறவன் இரண்டு நாள் பார்ப்பான், அப்புறம் அவன் சோலியைப் பார்க்கப் போய்விடுவான். நீ மறைத்ததைக் கூடவே இருக்கிறவள்தான் தூக்கிச் சுமக்க வேண்டும். நான் ஊருக்கு முன்னால் இருபது அடி நடந்ததற்கு உன் அம்மாவின் கை போயிற்று. இதைத் தவிர எனக்குத் தெரிந்த புத்தி வேறு எதுவும் இல்லை.

வராதே என்று எழுதத்தான் காலையில் பேனாவை எடுத்தேன். முதல் பக்கத்தில் எழுதியும் விட்டேன். அதை நான் அடிக்கவில்லை, அப்படியே அனுப்புகிறேன். இதுவரை உன்னிடம் சொல்லிவந்த பொய்களில் கடைசிப் பொய் அதுதான், நீ அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான். கப்பல் படியில் நீ எனக்காகத் திரும்பி இறங்கி வந்தபோது, போ, பிள்ளையைப் பார் என்றுதான் வாயால் சொன்னேன். உன் கை என் மேல் பட்டதும் உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த நிம்மதி எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால்தான் ஊருக்கு வந்த பிறகு நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னோம். உன்னைப் போ, போ என்று அனுப்புவது எனக்குப் பழகிய வேலை. ஆனால் இந்தத் தடவை நான் அப்படி அனுப்பினால் கீழே விழப்போவது நான் இல்லை, உன் அம்மா.

வேலையை அடியோடு விட வேண்டுமா, ஆறு வாரம் லீவு கேட்டு வந்தால் போதுமா, எனக்குத் தெரியாது. அதை நீயும் மருமகளும் பேசி முடிவெடுங்கள். அவள் கையைச் சரிசெய்ய வேண்டும், அதுவரை என்னைத் தூக்கி உட்காரவைக்க ஒரு ஆள் வேண்டும். இதை நான் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பன் பிள்ளையிடம் கெஞ்சலாமா என்கிற வெட்கமெல்லாம் இனிமேல் எனக்கு இல்லை.

மணி நாலாகப்போகிறது. அரியலூர் வண்டி நம் தெரு முனையில் நிற்கிற சத்தம் கேட்கிறது. உன் அம்மா இறங்கியிருப்பாள். அவள் படி இறங்கி முடிக்கும்வரை அந்தக் கண்டக்டர் பையன் பொறுத்திருக்க வேண்டுமே என்று காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் வாசலுக்கு வருவதற்குள் இதை அனுப்பிவிட வேண்டும், முகத்தைப் பார்த்துவிட்டால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன். தம்பி, உன் அம்மாவும் நானும் படியில் ஒரு காலை வைத்துவிட்டோம். ஒற்றை விசில்தான் கொடுத்திருக்கிறேன். நில்லு.

அப்பா